மூன்றாம் தளத்தில் இருபது விநாடி

லிப்ட் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் பெனாசிர் என்ற பொறியாளர் இருந்தாள். வயது முப்பத்திரண்டு. அவளைக் கேலியாகத்தான் 'குரு' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள், அதுவே நிலைத்துவிட்டது. அவளிடம் வேலை கற்க வந்த குழந்தைவேலுவுக்கு ஐம்பத்தொன்று. கம்பெனியில் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது.

பழைய சர்வரில் இருந்த இருபத்துநான்கு வருட லிப்ட் மென்பொருள் நிரல் முழுவதையும் புதிய களஞ்சியத்துக்கு மாற்றும் வேலை அவர் தலையில் விழுந்தது. ஒவ்வொரு திருத்தத்தோடும் அதைச் செய்தவர் பெயரும் போக வேண்டும். பழையதில் இருந்தது வெறும் முதலெழுத்துகள். புதியது முழுப்பெயரும் மின்னஞ்சலும் கேட்டது. ஒரே ஒரு பெயர் இல்லாவிட்டாலும் மாற்றும் வேலை அங்கேயே நின்றுவிடும்.

நின்றது.

"மேடம், 'பி.எஸ்.'னு ஒருத்தர். ஆபீஸ்ல யாருக்கும் தெரியல. என்ன பேர் போடுறது?"

"தேடுங்க சார்."

"அஞ்சு மணிக்கு சர்வரை அழிச்சிடுவாங்களே."

"அதுக்குள்ள தேடுங்க."

தேடியிருந்தால் இந்தக் கதையே இல்லை. பி.எஸ். என்று இருந்த இடத்தில் எல்லாம், காதும் காதும் வைத்தாற்போல், குழந்தைவேலு தன் பெயரைப் போட்டார். மளமளவென்று எல்லாம் மாறி முடிந்தது. ஐந்து மணிக்குப் பழைய சர்வரையும் அழித்துவிட்டார்கள்.

மறுவாரம் ஒரு மருத்துவமனையிலிருந்து புகார் வந்தது. அவர்களுடைய லிப்ட், யாரும் அழுத்தாமலே மூன்றாம் தளத்தில் நிற்கிறதாம். கதவு திறந்து இருபது விநாடி அப்படியே இருக்கிறதாம். ஸ்ட்ரெச்சரில் நோயாளியை வைத்துக்கொண்டு தவிக்கிறோம், நாளைக்குள் சரிசெய்யுங்கள் என்று எழுதியிருந்தார்கள்.

லிப்டை அப்படி நிறுத்தும் நிரல் வரியைக் கண்டுபிடிப்பது குழந்தைவேலுவுக்குக் கஷ்டமாக இல்லை. அதன் மேலே ஒரு குறிப்பு இருந்தது: 'இதை எடுப்பதற்கு முன் என்னைக் கேட்கவும்.'

எழுதியவர் குழந்தைவேலு என்று திரை சொன்னது. தேதி பத்தொன்பது வருடத்துக்கு முந்தையது.

பெனாசிரிடம் ஓடினார். செய்ததை மறைக்காமல் சொன்னார்.

"எடுத்தா என்ன ஆகும்னு தெரியல மேடம். ஒரு உயிர் போயிடுச்சுன்னா? எடுக்காட்டியும் நோயாளிங்க பாடு கஷ்டம். யாரைப் போய் கேக்குறது?"

"வாங்க, பாத்துட்டு வருவோம்."

மருத்துவமனை லிப்டில் அவர்கள் இருவர் மட்டும் ஏறினார்கள். நல்ல மத்தியான நேரம். கதவுக்கு மேல், உள்ளே இருப்பவர்களின் எடை தெரிந்தது: 131 கிலோ.

மூன்றாம் தளத்தில் லிப்ட் நின்றது. கதவு திறந்தது. வெளியே அப்போதுதான் துடைத்த தரை, இரண்டு காலி நாற்காலிகள். யாரும் இல்லை.

குழந்தைவேலுவின் விரல் கதவை மூடும் பொத்தானுக்குப் போனது. பெனாசிர் பார்த்தாள். கையை எடுத்துக்கொண்டார்.

இருபது விநாடி இவ்வளவு நீளம் என்று அவருக்கு அதுவரை தெரியாது. கதவு மெல்ல மூடியது. லிப்ட் மேலே கிளம்பியது.

எடை 178 என்று காட்டியது.

பெனாசிர் சத்தமில்லாமல் ஓர் அடி நகர்ந்து, தனக்கும் அவருக்கும் நடுவே இடம் விட்டு நின்றாள்.

குழந்தைவேலுவுக்கு அந்தப் பக்கம் திரும்பப் பயமாக இருந்தது.

"யாரு மேடம் ஏறினது?"

"எழுதினவர் இடத்துல உங்க பேர்தானே இருக்கு. நீங்கதான் சார் சொல்லணும்."