இரட்டையரின் வயது

“இந்த ரெண்டு நட்சத்திரமும் பொய் சொல்லுது மேடம்” என்றார் தாவீது.

தாவீதுக்கு வயது ஐம்பது தாண்டிவிட்டது. பள்ளியில் இயற்பியல் வாத்தியாராக இருந்தவர். வானத்து ஆசை விடவில்லை. மலைமேல் இருந்த வானாய்வுக் கூடத்துக்கு ஆராய்ச்சி மாணவராக வந்து சேர்ந்தார். அவருடைய குரு நப்பின்னை அவரைவிட வெகு இளையவர். மாணவர் குருவை மேடம் என்பார், குரு மாணவரை சார் என்பார். யாருக்கு யார் பாடம் எடுக்கிறார்கள் என்று வாசல் காவலாளிக்குக் கடைசிவரை குழப்பம்தான்.

“என்ன பொய்?”

“ஒண்ணையொண்ணு சுத்தி வருது. ஒண்ணு இன்னொண்ணை மறைக்கிறப்போ வெளிச்சம் குறையுது. அதையும் சுத்துற வேகத்தையும் வச்சு பருமன், எடை எல்லாம் எடுத்துட்டேன். ஆனா உங்க கணக்குல போட்டா பெரியதுக்கு வயசு கம்மி, சின்னதுக்கு அதிகம்னு வருது. ஒரே பிரசவத்துல பொறந்த இரட்டைப் பிள்ளைங்க மேடம்!”

நட்சத்திரங்களுக்கு வயது சொல்லும் அந்தக் கணக்கு நப்பின்னை போட்டது. ஊர் உலகமெல்லாம் அதைத்தான் நம்பியிருந்தது. அடுத்த வாரம் அறிஞர்கள் கூடுகிறார்கள். அங்கே தேறாவிட்டால் தாவீதுக்குப் பட்டமும் இல்லை, மலையும் இல்லை.

“சில அளவுகளை மட்டும் விட்டுட்டா அழகாப் பொருந்துது” என்று இழுத்தார் தாவீது. “அன்னைக்கு மேகம் இருந்திருக்கலாம்.”

“இருந்துச்சா?”

“இல்ல.”

நப்பின்னை டீயை ஒரு வாய் குடித்தார்.

“ஸ்கூல்ல ஊசல் பிராக்டிகல் வைப்பீங்களே சார், பிள்ளைங்களுக்குப் புவியீர்ப்பு சரியா ஒன்பது புள்ளி எட்டுன்னு எப்படி வரும்?”

தாவீது சிரித்துவிட்டார். “அது பெரிய வித்தையா? விடையை முதல்ல எழுதிடுவாங்க. ரீடிங்கைப் பின்னாடி எழுதிக்குவாங்க.”

“மார்க்?”

“முழு மார்க்.”

“யார் போட்டது?”

சிரிப்பு நின்றது.

“நான்தான்.”

நப்பின்னை எழுந்தார். கரும்பலகையில் வருஷக்கணக்காக யாரும் கை வைக்காமல் இருந்த தன் கணக்கை டஸ்டரால் துடைத்து அழித்தார். சாக்பீஸைத் தாவீது கையில் திணித்துவிட்டு இன்னொரு டீ குடிக்கப் போய்விட்டார்.

தாவீதுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அப்புறம் வெட்கம் போய் வெறி வந்தது.

கூட்டத்தில் ஒரு அளவைக்கூட விடாமல் காட்டினார். நட்சத்திரத்தின் நடுவே பொருள் நாம் நினைத்ததைவிட அதிகமாகக் கலக்கிறது, அதையும் கணக்கில் சேர்த்தால் இரட்டையருக்கு ஒரே வயதுதான் என்றார். திரையில் இரண்டு புள்ளிகளும் ஒரே கோட்டில் போய் உட்கார்ந்தன. முன்வரிசையில் யாரோ “அடேயப்பா!” என்றார்கள். தாவீதுக்கு நெஞ்சு கொள்ளவில்லை.

ஒரு பேராசிரியர் எழுந்தார். “அப்போ இத்தனை வருஷமா நாங்க நம்பின உங்க குருவோட கணக்கு தப்பா?”

தாவீது குரு பக்கம் ஒருமுறை பார்த்தார்.

“தப்பு.”

கடைசி வரிசையிலிருந்து நப்பின்னையின் குரல் உற்சாகமாக எழுந்தது.

“கிரகணம் விட்டாச்சு! எல்லாரும் போய்த் தலை முழுகுங்க!”