இரண்டு குரோனா கவர்

பாளையங்கோட்டையில் தபால்தலை சேர்ப்பவர்களுக்கு ஒரு குரு இருந்தார். பெயர் மைமூன். பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவர் என்பதால் எல்லாரும் டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். வயது நாற்பத்து நான்கு. சீடருக்கோ அறுபத்தாறு. குரு என்றால் தாடி இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் இத்தோடு எழுந்து போகலாம்.

சீடர் பெயர் தங்கையா. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கம்பி முறுக்கிய விரல்கள். அவற்றால் இடுக்கி பிடித்துத் தபால்தலையை எடுக்கப் பழகவே ஒரு வருஷம் ஆயிற்று.

அவருக்குத் தபால்தலை மேல் ஆசை கிடையாது. ஆசை மகன் ஜெபினுக்கு. ஐஸ்லாந்தின் பழைய விமானத் தபால் என்றால் அவனுக்குப் பைத்தியம். வெயில் மண்டையைப் பிளக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, பனித்தீவிலிருந்து புறப்பட்ட கடித உறைகளைத் தேடினான்.

1931இல் ஜெப்பலின் என்ற பெரிய ஜெர்மன் ஆகாயக் கப்பல் அந்தத் தீவுக்குப் போய்த் தபால் எடுத்து வந்தது. அதற்கென்றே மூன்று தபால்தலைகளின் மேல் கப்பலின் பெயரை அச்சடித்தார்கள். அந்த நாட்டுப் பணத்தில் சின்ன மதிப்பில் ஒன்று, ஒரு குரோனாவில் ஒன்று, இரண்டு குரோனாவில் ஒன்று. ஒவ்வொரு தலையும் ஒட்டிப் பறந்து வந்த கவர் ஒவ்வொன்று அவனுக்கு வேண்டும். முதல் இரண்டும் ஜெபினுக்குக் கிடைத்தன. இரண்டு குரோனா கவர் கிடைப்பதற்குள் நாலுவழிச் சாலையில் ஒரு லாரி வந்துவிட்டது. இருபத்தேழு வயது.

அடக்கம் முடிந்த மறுமாதம் தங்கையா ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு டீச்சர் வீட்டுக்கு வந்தார்.

"இதுல ஒரு பக்கம் காலியாக் கெடக்கு, டீச்சர். எம்புள்ள தேடுத கவரு. எனக்குப் பாக்கச் சொல்லித் தாங்க."

டீச்சர் சொல்லித் தந்தார். ஒரே ஒரு சட்டம்தான். உறையை மேஜையில் வைத்ததும் அது அசலா போலியா என்று முதலில் சீடர் சொல்ல வேண்டும். காரணமும் சொல்ல வேண்டும். பிறகுதான் குரு வாய் திறப்பார்.

ஏழு வருஷம் போயிற்று. தங்கையா எழுதாத நாடு இல்லை. பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாம் என்ற பேச்சில் பதினொரு கவர்கள் வந்தன. ஒவ்வொன்றையும் அவர் அசல் என்றே சொன்னார். ஆசை வெட்கம் அறியாது. ஒன்றில் முத்திரையை யாரோ மையால் வரைந்தே வைத்திருந்தான். அதையும் அசல் என்றார்.

பதினொன்றும் போலி. டீச்சர் ஒவ்வொரு தடவையும் எங்கே பொய் என்று விரல் வைத்துக் காட்டுவார். தங்கையா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய், மறுநாளே அடுத்த கடிதம் எழுதுவார்.

பன்னிரண்டாவது டென்மார்க்கிலிருந்து வந்தது. அது வந்த பிறகு மூன்று நாள் அவரைக் காணோம். நான்காவது நாள் ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்த கையோடு வந்து, உறையை மேஜையில் வைத்தார்.

"நீங்களே சொல்லிருங்க, டீச்சர்."

"சட்டம் மறந்து போச்சா, அண்ணாச்சி? முதல்ல நீங்க."

தங்கையா உறையைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"போலி."

"காரணம்?"

"முத்திரைல தேதி தப்பு."

டீச்சர் பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். "தேதி சரியாத்தான இருக்கு."

"மேல அடிச்ச எழுத்து கோணலா நிக்கி."

"அந்த எழுத்த அளக்க நீங்க மூணு மாசம் பழகுனிய. இந்தாங்க ஸ்கேலு. அளந்து பாருங்க."

அவர் ஸ்கேலை வாங்கவில்லை.

"தபால்தலையப் பெறவு கொண்டாந்து ஒட்டிருக்கான்."

"முத்திரை பாதி தலை மேல இருக்கு, பாதி கவர் மேல இருக்கு. கோடு எங்கயும் விட்டுப் போகல. பின்னால ஜெர்மனில எறங்குன முத்திரையும் இருக்கு." டீச்சர் கண்ணாடியைக் கீழே வைத்தார். "பதினோரு போலிய அசல்னு சொன்னிய, அண்ணாச்சி. இன்னைக்கி ஒரு அசல் வந்திருக்கு. இத ஏன் போலிங்கிய?"

தங்கையா தோளிலிருந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஆல்பத்துல வச்சுப் பாத்தேன், டீச்சர். பக்கம் நெறைஞ்சிட்டு. என்னால அதப் பாக்க முடியல. உருவி வெளிய எடுத்திட்டேன்."

"ம்."

"காலைல எந்திரிச்சா ஒருத்தனுக்கு எழுதணும்னு இருக்கும். தபால்காரர் வாற நேரத்துக்கு வாசல்ல நிக்கணும்னு இருக்கும். உள்ள இருந்து அவன் அம்மா கேப்பா, 'இன்னைக்கி ஏதும் வந்துச்சா'ன்னு. வீட்டுல அவனப் பத்தி நாங்க பேசுதது அந்த ஒரு கேள்விதான். நாளைக்கி அவ என்னத்தக் கேப்பா?"

தங்கையா உறையை டீச்சர் பக்கம் தள்ளினார்.

"போலின்னு ஒரு வார்த்த சொல்லுங்க. திருப்பி அனுப்பிருதேன்."

"நான் சொன்னா நீங்க நம்புவியளா?"

"நம்புவேன்."

"அளக்கச் சொல்லித் தந்ததே நான். எப்படி நம்புவிய?"

"நம்புன மாதிரி இருந்துக்கிடுவேன். ஏழு வருசத்துல உங்கள்ட்ட வேற ஒண்ணும் நான் கேக்கல."

அது உண்மை. ஒரு வார்த்தைதான். சொன்னால் யாருக்கும் நஷ்டமில்லை. ஒரு மனிதர் இன்னும் சில காலம் வாசலில் நின்றுகொண்டிருப்பார், அவ்வளவுதான். டீச்சர் சொல்ல வாயெடுத்தார். பிறகு மூடிக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

அசல் என்று கண்ட கவரின் பின்பக்கத்தில், கீழ் மூலையில், பார்த்தவர் பென்சிலால் பொடியாகக் கையெழுத்துப் போடுவது இந்தத் தொழிலில் வழக்கம். டீச்சரின் கையெழுத்து விழுந்துவிட்டால் பிறகு அந்தக் கவரைப் பற்றி ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். டீச்சர் பென்சிலைச் சீவினார்.

"வேண்டாம், டீச்சர்."

தங்கையா உறையின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டார். டீச்சர் அந்தக் கையை விலக்கவில்லை. பென்சிலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். தெருவில் மீன்காரர் கூவிக்கொண்டு போனார். வெகுநேரம் கழித்து, மறைத்த கை தானாகவே விலகியது.

டீச்சர் உறையைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டார். அதை அவர் பக்கம் மெல்ல நகர்த்தினார்.

தங்கையா அதைத் தொடவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மகனுடைய அடக்கத்தன்று பந்தலுக்குள் நின்று, வந்தவர்களுக்காக டியூப்லைட் மாட்டிக்கொண்டிருந்த மனிதர் அவர். அன்று அழாததையெல்லாம் இப்போது அழுதார்.

"எல்லாம் முடிஞ்சிட்டே, டீச்சர். இனிமே எம்புள்ள எதத் தேடுவான்?"

டீச்சர் அவர் அழுது ஓயும்வரை பொறுத்திருந்தார்.

"தம்பி தேடுதத நிறுத்தி ஏழு வருசம் ஆச்சு, அண்ணாச்சி."