அம்பின் தலை

சீடருக்கு அறுபத்தொரு வயது. குருவுக்கு முப்பத்திரண்டு. ஊரார் கொஞ்ச நாள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள்.

குற்றாலநாதன் ஒரு மலை உச்சி வானிலை நிலையத்தில் முப்பது வருடம் காற்றை அளந்தவர். ஓய்வு பெற்றதும், கடலையும் தெரிந்துகொண்டுவிடலாம் என்று குமரிக் கரைக்கு வந்து சேர்ந்தார். கற்றுக்கொடுத்தவள் ஷெர்லின். மீனவர் வீட்டுப் பெண். கடலியல் படித்துவிட்டு ஊருக்கே திரும்பியவள். தினமும் காலையில் கடலில் மிதவை விட்டுப் பார்த்து, நீரோட்டத்தின் திசையை மீனவர் சங்கக் கட்டடத்துப் பலகையில் அம்பாக வரைவாள்.

அன்று அம்பின் தலை கிழக்கே இருந்தது. வரைந்துவிட்டு அவள் டவுனுக்குப் போயிருந்தாள்.

பத்து மணிக்கு, குற்றாலநாதன் மட்டும் இருந்த சங்கக் கட்டடத்தில், வயர்லெஸ்ஸில் அவள் தம்பி ஆன்றோவின் குரல் வந்தது. வள்ளத்தில் என்ஜின் நின்றுவிட்டது என்றான். அதோடு குரல் அறுந்துவிட்டது. கடலில் இருந்த இரண்டு படகுகள், எந்தப் பக்கம் தேடுவது என்று கேட்டன. குற்றாலநாதன் பலகையைப் பார்த்தார்.

"மேற்கே போங்க" என்றார்.

படித்த மனுஷர் சொல்கிறார் என்று அவர்களும் போனார்கள்.

ஒரு மணிக்குத் திரும்பிய ஷெர்லின், விஷயம் கேட்டதும் மைக்கைப் பிடுங்கிப் படகுகளைக் கிழக்கே திருப்பினாள். ஆன்றோ கிடைத்தபோது பொழுது சாய்ந்திருந்தது. உதடெல்லாம் வெடித்திருந்தது, உயிர் இருந்தது. அவள் தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதாள். குற்றாலநாதனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் காலை அவர் பையோடு சங்கக் கட்டடத்தில் வந்து நின்றார்.

"ஊருக்குப் போறேன் டீச்சர்."

"சாப்பிட்டீங்களா?"

"இல்ல."

"அம்பை எப்படி சார் படிச்சீங்க?"

"எங்க நிலையத்துக் கூரை மேல ஒரு காற்றுத் திசைகாட்டி உண்டு. அதுவும் அம்புதான். வால் அகலமா இருக்கும். காத்து வாலைத் தள்ளிவிடும். தலை, காத்து வர்ற பக்கம் பாத்து நிக்கும். முப்பது வருஷம் அதையே பாத்தவன். தண்ணி கிழக்கேருந்து வருதுன்னு நினைச்சுட்டேன்."

"நானும் அதைப் பரீட்சையில எழுதி மார்க் வாங்கினேன். மறந்தே போச்சு."

"கடல்ல மட்டும் ஏன் மாத்தி வச்சிருக்கீங்க?"

அவள் அவரைப் படகுத்துறைக்கு அழைத்துப் போனாள். செருப்பைக் கழற்றச் சொன்னாள். கழற்றினார். ஒன்றை எடுத்துத் தண்ணீரில் போட்டாள்.

"டீச்சர், அது புதுசு" என்றபடி அவர் கரையோரமாக ஓடினார். செருப்பை முந்திப்போய், முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று பிடித்தார்.

"எங்கேருந்து போச்சோ அங்க தேடாம, ஏன் சார் முன்னால ஓடினீங்க?"

"அங்கதானே வரும்."

சொல்லிவிட்டு அவர் தண்ணீர் போகும் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

இருவரும் கட்டடத்துக்குத் திரும்பினார்கள். வாசலில் அவர் கேட்டார்.

"ஆன்றோவுக்கு ஏதாவது ஆகியிருந்தா?"

"உங்க முகத்துல முழிச்சிருக்க மாட்டேன்."

"அப்ப நான் போறதுதானே சரி?"

ஷெர்லின் ஈரத்துணியால் பலகையைத் துடைத்தாள். நேற்றைய அம்பு போயிற்று.

"வரைஞ்சது நான்தானே சார். இங்க பொறந்தவங்களுக்கு அந்த அம்பு தானா விளங்கும். விளங்காத ஒருத்தர் வந்து பார்ப்பாருன்னு நான் ஒரு நாளும் நினைச்சதில்ல. நீங்க போயிட்டா நாளைக்கும் அப்படித்தான் வரைவேன்."

சாக்பீஸை அவர் கையில் வைத்தாள்.

"உங்களுக்கு விளங்குற மாதிரி நீங்களே வரைங்க. நான் போய் இட்லி எடுத்துட்டு வாரேன்."