குறையுள்ள உரு

செவ்வூரணி ஐயனார் கோயிலை ஒட்டிய குயவர் கொட்டகையில் மண் மிதிப்பது சிட்டம்மாளின் பணி. மற்றவர்கள் எழுமுன்பே ஊரணி மண்ணை ஊற வைத்து, கல் பொறுக்கி, முழங்கால் வலிக்க வலிக்க மிதிப்பார். முதல் உருண்டையைக் கோயில் வாசலில் வைத்து, அதன்மேல் ஓர் அரளிப்பூவைச் செருகி, "இன்னைக்கும் வந்துட்டேன்ப்பா" என்பார். அவர் அறிந்த பூசை அவ்வளவுதான்.

பிள்ளைகளின் நோய் தீர மண்ணால் பிள்ளை உரு செய்து வைப்பது அந்தக் கோயிலின் வழக்கம். சிட்டம்மாளுக்குப் பூவாயி என்று ஒரு மகள் இருந்தாள். பிறந்தது முதல் அவளுக்குக் கால் நிற்காது. திருவிழாதோறும் அவளுக்காக ஓர் உரு வைத்தார். ஒன்பது ஆண்டு, ஒன்பது உரு. எல்லாவற்றுக்கும் கால்கள் உறுதியாகவே இருந்தன. பத்தாவது ஆண்டு திருவிழாவுக்குப் பிள்ளை உயிரோடு இல்லை. "ஒம்பது வச்சாளே, ஒண்ணாச்சும் அவ சாமி காதுல விழுந்துச்சா?" என்று ஊரணிப் படியில் பெண்கள் பேசினார்கள். சிட்டம்மாள் கேட்டுக்கொண்டே குடத்தை நிரப்பினார். மறுநாள் விடியலிலும் வாசல் உருண்டையின் மேல் அரளி இருந்தது.

உரு வைக்க வருகிறவர்கள் பிள்ளைகளைக் கொட்டகை நிழலில் விட்டுவிட்டுப் பூசைக்குப் போவார்கள். ஒரு நாள், அழுத ஒரு பிள்ளையின் கையில் சிட்டம்மாள் ஒரு பிடி மண்ணை வைத்தார். அப்படித் தொடங்கியது. பிறகு தினமும் நாலைந்து பிள்ளைகள் வந்தார்கள். கண்டவரைக் கடிக்கும் சோணைமுத்து, மண்ணைக் குத்திக் குத்தி ஓய்ந்து, ஒரு நாள் மெல்லத் தட்டத் தொடங்கினான். யார் முகத்தையும் பாராத தவமணி, மண்ணில் கண்களை மட்டும் செய்து வரிசையாக வைத்தாள். பல மாதம் கழித்துச் சிட்டம்மாளின் கண்ணைப் பார்த்தாள். "மண்ணுப் பள்ளிக்கூடத்துல இன்னைக்கு என்ன பாடம், டீச்சரம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள் போகிறவர்கள்.

இனி வருவதைச் சொல்வது, கோயிலை நிர்வகிக்கும் அம்பலகாரர் வீரபத்திரரின் குடும்பத்தைத் தாழ்த்த அல்ல. மூன்று தலைமுறையாக அந்தக் கோயிலைத் தாங்கி நிறுத்திய குடும்பம் அது. ஆனாலும் அவருடைய பேத்தி மங்களேசுவரியை ஊர் பார்த்ததில்லை. பேச்சில்லை, இரண்டு கை விரல்களும் மூடியபடியே இறுகிக் கிடந்தன. ஆறு வயதுவரை உள்கட்டிலேயே வளர்ந்தாள். மாமனார் உறங்கும் மதிய வேளையில், தாய் கோமளவல்லி அவளை முந்தானையால் மூடிக் கொட்டகைக்குத் தூக்கி வருவாள்.

சிட்டம்மாள் வெதுவெதுப்பான குழைமண்ணை அந்தக் கைகளைச் சுற்றி அப்பி வைப்பார். வேறு எதுவும் செய்ததில்லை. சில நாள் அவருக்கே உட்கார்ந்தபடி கண் சொக்கிவிடும். ஏழு மாதம் கழித்துக் கட்டை விரல் வெளியே வந்து மண்ணில் ஒரு குழி பதித்தது. கோமளவல்லி அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் இருந்தாள்.

அந்த ஆண்டுத் திருவிழாவுக்குப் பிள்ளைகள் தாங்களே உரு செய்தார்கள். ஒன்றுக்கு வாய் இல்லை. ஒன்றுக்குக் கால் சூம்பியிருந்தது. ஒன்றின் கைகள் மூடியிருந்தன. பூசாரி அவற்றை உள்ளே எடுத்துப் போகக் குனிந்தபோது வீரபத்திரர் கைத்தடியை நீட்டித் தடுத்தார்.

"நில்லுங்க பூசாரி. குறை உள்ள உரு சாமிக்கு ஆகாதுன்னு உமக்குத் தெரியாதா? இதையெல்லாம் ஊரணியில கரைங்க. நாளையிலருந்து கொட்டகையில ஒரு பிள்ளையும் இருக்கக் கூடாது."

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். சிட்டம்மாள் கால் மாற்றி நின்றார். மெதுவாகத்தான் பேசினார்.

"ஐயா, நான் ஒம்பது வருசம் முழுசாத்தேன் வச்சேன். எம்மக ஒரு நாளும் அப்படி இல்ல. சாமிக்கு அவள அடையாளம் தெரியாமப் போச்சோ என்னமோ. இந்த உருவெல்லாம் செஞ்ச பிள்ளைகளப் போலவே இருக்கு, ஐயா."

பூசாரி நிமிர்ந்து, "பூக்கேட்டுப் பாத்துருவோம், அம்பலம். சாமி சொல்லட்டும்" என்றார்.

வெள்ளை அரளியை ஓர் இலையிலும் சிவப்பு அரளியை ஓர் இலையிலும் மடித்து, நாரால் கட்டிச் சன்னதிப் படியில் போட்டார். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் இல்லை. ஒரு பிள்ளைதான் எடுக்க வேண்டும். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, கோமளவல்லி தன் மகளைப் படியில் உட்கார வைத்தாள்.

"இத ஏன் இங்க கொண்டாந்த?" என்றார் வீரபத்திரர், பல்லைக் கடித்து.

"ஊருல இதுவும் ஒரு பிள்ளைதானே, மாமா."

மங்களேசுவரி இலைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் ஏறியது. கட்டை விரல் பிரிந்தது. பிறகு சுட்டு விரல் நடுங்கி நடுங்கி நிமிர்ந்தது. இரண்டாலும் ஒரு பொட்டலத்தைப் பிடித்தாள். எடுத்தவள் பூசாரியிடம் நீட்டவில்லை. நாரின் முனையைத் தேடித் தானே இழுத்தாள்.

வீரபத்திரரின் கைத்தடி தரையில் விழுந்தது. பேத்தியின் விரல்கள் பிரிந்து ஒரு பொருளைப் பிடிக்க அவர் அதுவரை பார்த்ததில்லை.

"போதும் பூசாரி," என்றார். "நெறம் பாக்க வேண்டாம். உருவெல்லாத்தையும் உள்ள வைங்க."

அதற்குள் நார் அவிழ்ந்துவிட்டது. இலையில் இருந்தது வெள்ளைதான். மங்களேசுவரி அதை எடுத்துத் தான் செய்த உருவின் மூடிய கையில் செருகினாள், சிட்டம்மாள் நாள்தோறும் செருகுவதைப் போலவே.

கைத்தடியைக் குனிந்து எடுத்த வீரபத்திரர், நிமிரும்போது சிட்டம்மாளைக் கும்பிட்டார். சிட்டம்மாளுக்கு அன்றும் கால் வலி குறையவில்லை. மறுநாளும் விடியுமுன் மண்ணில் இறங்கினார். களைத்த காலோடு கடைசிவரை வாசல் தவறாத அந்த அம்மையின் பாதம் பட்ட மண்ணே, ஐயனார் உவந்து ஏற்ற திருமண்.