நாற்பது கீல்களும் ஐந்து மணி லாரியும்

விமானம் என்ற சொல் முதலில் பறப்பதைக் குறித்ததா, கோயில் கருவறையின் மேல் அசையாமல் நிற்பதைக் குறித்ததா என்று ஆராயத் தொடங்கினால் லாரி கிளம்பிவிடும். ஆகையால் நேராக ஓசூருக்குப் போவோம்.

அங்கே கோதண்டபாணி என்பவரின் தொழிற்சாலையை ஒரு சுவர் நடுவில் இரண்டாகப் பிரித்தது. வடக்குப் பக்கம் கெஸ்ட்ரா என்ற விமானக் கம்பெனிக்குக் கீல் செய்தார்கள். தெற்குப் பக்கம் ஹாலன் என்ற கம்பெனிக்கு. சக்கரம் உள்ளே மடங்கியதும் மூடிக்கொள்ளுமே ஒரு கதவு, அதற்கான கீல். ஒருவர் விற்ற விமானம் மற்றவர் இழந்த விமானம் என்று உலகம் முழுக்க மல்லுக்கு நிற்கும் கம்பெனிகள் இவை. தன் கீலைப் பற்றி ஒரு சொல் எதிராளியின் காதுக்குப் போனால் ஒப்பந்தம் ரத்து என்று இரண்டுமே எழுதி வாங்கியிருந்தன. தேநீர் வேளைகூட இரு பக்கத்துக்கும் வேறு வேறு. சுவர் எட்டாத இடம் ஒன்றுதான்: பின்புறம் உலோகக் கம்பிகள் கிடக்கும் கொட்டகை. மொத்தமாக வாங்கினால் மலிவு என்று கோதண்டபாணி தம் பெயரில் வாங்கி, இரு பக்கத்துக்கும் வெட்டிக் கொடுத்துவந்தார்.

பூங்கோதைக்கு வடக்கில் சோதனை வேலை. அவள் கணவன் ஞானவேல் தெற்கில். பெட்டி வெளியே போக அவன் கையெழுத்து வேண்டும். ஒரே பைக்கில் வந்து வாசலில் பிரிவார்கள். ஆறு வருடமாக வீட்டில் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. இது என்ன கூத்து என்பவர்கள், வேலையில் சேரும்போது அவர்கள் கையெழுத்திட்ட ரகசிய உறுதிமொழியைப் படித்ததில்லை. பதினொரு பக்கம்.

அன்று பகலில் பூங்கோதை வழக்கம்போல ஒரு கீலை அறுத்து, மெருகேற்றி, உருப்பெருக்கியில் வைத்தாள். கெஸ்ட்ரா அப்படி அறுத்துப் பார்க்கச் சொல்லும், ஹாலன் சொல்வதில்லை. உலோகத்துக்குள்ளே கடுகில் கால்வாசி அளவு ஒரு கடினப் புள்ளி. அதிலிருந்து முடியைவிட மெல்லிய விரிசல் ஒன்று கிளம்பியிருந்தது. கம்பியின் எண்ணைப் பார்த்தாள். குறையை முதலாளிக்குத் தெரிவித்துவிட்டுக் கொட்டகைப் பதிவேட்டைப் புரட்டினாள்; அதே எண் தெற்குக்கும் வெட்டப்பட்டிருந்தது.

"சார், இதே கம்பி தெற்குக்கும் போயிருக்கு," என்றாள் கோதண்டபாணியிடம்.

"கெஸ்ட்ராகிட்ட சொல்லி, அவங்க பங்கை நிறுத்திட்டேன். அதோட விடும்மா."

"ஹாலனுக்கு?"

"வாயைத் திறந்தா, எப்படித் தெரிஞ்சுதுன்னு கேப்பான். கெஸ்ட்ரா கீல்ல பாத்தோம்னு சொல்லவா? நாளைக்கே ஒப்பந்தம் போச்சு. இங்க இருநூறு குடும்பம் இருக்கு. நீ சோறு போடுவியா?"

அந்தக் கம்பியில் ஹாலனுக்குச் செய்த நாற்பது கீல்கள் ஐந்து மணி லாரியில் பெங்களூர் விமான நிலையத்துக்குப் போகின்றன. மணி மூன்று. கைபேசிகள் எல்லாம் வாசலில் பூட்டிக் கிடந்தன. வண்டி நிறுத்துமிடத்தில் போய் நின்று, தெற்குக்காரர்கள் தேநீருக்கு வரும் வரை காத்திருந்தாள். அந்தக் கால்மணி நேரத்தில் சேலை முந்தானையின் ஓரத்தைப் பிய்த்தே விட்டாள்.

"என்னங்க, பைக் சாவி குடுங்க."

"இப்ப எதுக்கு?" என்று ஞானவேல் சாவியை எடுத்தான்.

"உங்க பெட்டியில ஒண்ணை அறுத்துப் பாருங்க."

"முடிச்ச கீலையா? அதுக்கு என் கழுத்தையில்ல அறுப்பாங்க. ஏன்?"

"ஏன்னு மட்டும் கேக்காதீங்க."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். சாவியைக் கொடுக்க மறந்து உள்ளே போனான்.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் லாரி உறுமிக்கொண்டு நின்றது. லாரி வாசல் இரு பக்கத்துக்கும் பொது; பூங்கோதை கம்பி வலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஞானவேல் வெளியே வந்தான். அவளைப் பார்த்து, இல்லை என்று தலையசைத்தான். அவன் அறுத்த கீலில் ஒன்றுமே இல்லை.

"கையெழுத்துப் போடுப்பா," என்றார் கோதண்டபாணி.

"முடியாது சார்."

"உன் இஷ்டத்துக்கு ஒண்ணை அறுத்தியாமே. சுத்தமாத்தானே இருந்துச்சு?"

"ஆமா சார்."

"அப்புறம் என்ன காரணம்?"

"காரணம் இல்ல சார்."

"காரணமே இல்லாம லாரியை நிறுத்த நீ என்ன ரயில்வே கேட்டா? போடு. இல்லைன்னா இப்பவே வீட்டுக்குக் கிளம்பு."

ஞானவேல் தன் அடையாள அட்டையைக் கழற்றிப் பெட்டியின் மேல் வைத்தான். "சார், எலக்ட்ரானிக் சிட்டி நெரிசல்ல மாட்டினா அவ்வளவுதான்," என்று ஓட்டுநர் அவசரப்படுத்தினார். கோதண்டபாணி தாமே கையெழுத்துப் போடச் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார்.

கதையை இங்கே நிறுத்துவோம். கொடுத்த வாக்குக்காக வாயை மூடிக்கொண்டார் ஒருவர். வாக்கு உடையாத அளவுக்கு மட்டும் வாயைத் திறந்தாள் ஒருத்தி. ஆதாரம் எதிராக இருந்தும் மறுத்தான் ஒருவன். இவர்களில் யார் செய்தது சரி?

விடை: ஞானவேல். ஒரு கீல் சுத்தமாக இருந்தால் அது அந்த ஒரு கீலுக்குத்தான் சாட்சி. மீதி முப்பத்தொன்பதுக்கு அல்ல. கோதண்டபாணி காப்பாற்றியது கெஸ்ட்ராவின் ரகசியத்தையே அல்ல. கம்பி அவர் வாங்கியது, குறை அவருடைய கம்பியில். "நான் வாங்கிய கம்பி கெட்டது" என்று யாரிடமும் அவர் சொல்லியிருக்கலாம். பூங்கோதையும் கம்பியின் எண்ணைச் சொல்லியிருந்தால் கணவன் கையில் ஒரு காரணம் இருந்திருக்கும். அவள் தன் பயத்தை மட்டும் கொடுத்தனுப்பினாள். பேனா தாளைத் தொடும்போதுதான் இது அவளுக்கு உறைத்தது. வலைக்கு இந்தப் பக்கமிருந்து அந்த எண்ணைச் சொல்லி, கம்பி கெட்டது என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். லாரியிலிருந்து பெட்டி இறங்கியது. ஹாலன் முப்பத்தொன்பதையும் அறுத்துப் பார்த்ததில் மூன்றில் விரிசல் இருந்தது. கெஸ்ட்ரா அந்த மாதமே ஒப்பந்தத்தை முறித்தது. ரகசியம் கசிந்ததற்காக அல்ல. தன் உலோகமும் ஹாலனின் உலோகமும் இத்தனை நாள் ஒரே கொட்டகையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன என்பதை அதனால் தாங்க முடியவில்லை. வடக்குப் பக்கத்தைப் பூட்டினார்கள். வெளியே அனுப்பியவர்களின் பட்டியலில் முதல் பெயர் பூங்கோதை.