குறையில்லாத தெரு

"அம்மா, நான் போட்ட தெருவுல எனக்கே ஆளில்லை. கயித்தை உங்ககிட்டயே கொடுத்துட்டுப் போயிடலாம்னு வந்தேன்."

செங்கோடன் அளவுக்கயிற்றைப் பெரியநாயகியின் முன்னால் வைத்தான்.

மனை பிரித்துத் தெரு போடும் தொழிலை அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயதுதான். ஆனாலும் அவர் உட்காரச் சொல்லும்வரை அவன் நின்றுகொண்டே இருந்தான்.

ஆற்றோரம் புதிதாக எழுந்த ஊர் அவன் போட்டது. பார்த்தவர்கள் எல்லாம் வாயாரப் புகழ்ந்தார்கள். அவனும் அங்கேயே ஒரு மனை எடுத்துக் குடியேறினான். சமைத்தவனே சாப்பிட உட்கார்ந்த மாதிரி அத்தனை பெருமை.

போன மாதம் காய்ச்சலில் விழுந்தான். இருமி இருமி நெஞ்சு வலித்தது. எழுந்து நடமாடும்வரை ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் நடக்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

"எங்க தப்பு பண்ணினேன்?"

அவர் தெருவைப் பற்றிச் சொல்லச் சொன்னார்.

சொன்னான். வீட்டுக்கு வீடு கிணறு. வீட்டுக்கு வீடு உமி மூட்டம், அதில் கனல் அணையவே அணையாது. அம்மி, உரல் எல்லாம் மனைக்குள்ளேயே. எவரும் எதற்கும் இன்னொருவர் வாசலில் போய் நிற்க வேண்டாம். சொல்லச் சொல்ல அவன் குரலில் பழைய பெருமை ஏறிவிட்டது. ஆசாமி வந்த காரியத்தையே மறந்துவிட்டான்.

பெரியநாயகி ஒரு கொட்டாங்கச்சியை எடுத்து நீட்டினார்.

"அடுப்பு அணைஞ்சு கிடக்கு. பக்கத்து வீட்ல கொஞ்சம் நெருப்பு வாங்கிட்டு வா."

அவனுக்குச் சுருக்கென்றது. கேட்டதற்குப் பதில் இல்லை, எடுபிடி வேலைதான் கிடைத்தது. இருந்தாலும் போனான்.

பக்கத்து வீட்டுக்காரி கங்கு எடுத்துத் தருவதற்குள், அவன் யார், எந்த ஊர், முகம் ஏன் வாடியிருக்கிறது என்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். காய்ச்சல் என்றதும் ஒரு செம்பில் மிளகுரசம் ஊற்றிக்கொண்டு கூடவே வந்தாள். பெரியநாயகியோடு உட்கார்ந்து ஊர்க்கதை எல்லாம் பேசிவிட்டுத்தான் போனாள்.

செங்கோடன் அடுப்பைக் கிளறினான். சாம்பல் ஈரமாக இருந்தது.

"இது தானா அணையல அம்மா. யாரோ தண்ணி ஊத்தியிருக்காங்க."

"நான்தான்."

"ஏன்?"

பெரியநாயகி கங்கின் மேல் சுள்ளி வைத்து ஊதினார். புகை பட்டிருக்க வேண்டும், கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நேத்துலேருந்து யாரும் வரல."

அவன் கயிற்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

வீடு சேர்ந்ததும் உமி மூட்டத்தில் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டினான். கொட்டாங்கச்சியோடு பக்கத்து வாசலில் போய் நின்றான். அந்த வாசலுக்கு இடம் குறித்தவனே அவன்தான். ஆனாலும் கை கதவைத் தட்டக் கூசியது.

ஒரு பெரியவர் திறந்தார்.

"பக்கத்து வீடு. கொஞ்சம் நெருப்பு கிடைக்குமா?"

அவர் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"போன மாசம் பூரா இருமிட்டுக் கிடந்தது நீங்கதானா?"

"ஆமாம்."

"தினம் வாசல் வரைக்கும் வருவேன்," என்றார் அவர். "என்ன கேட்டுக்கிட்டு உங்க கதவைத் தட்டுறதுன்னுதான் தெரியல."