ஊசி கேட்ட காடு

ஆற்றங்கரைக் காட்டில், பாறைச் சரிவின் மேலிருந்த ஒரு வளையில், முள்ளம்பன்றி ஒன்று வைத்தியம் பார்த்து வந்தது. சீந்தில் கொடியை இடித்துச் சாறு எடுப்பதில் அதற்கு இணையானவர் அங்கே இல்லை. வயிற்றுவலியோ சுரமோ, ஒரு தொன்னைச் சாறு குடித்துவிட்டு நிழலில் படுத்தால் போதும், எழுந்துவிடலாம்.

வாய் பூட்டிக்கொண்டு, விழுங்க முடியாமல் கிடப்பவர்களுக்கு மட்டும் அது வேறு வழி வைத்திருந்தது. தன் முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கி, சாற்றில் தோய்த்து, தோலுக்கடியில் ஏற்றும். ஒருமுறை குத்திய முள்ளில் நஞ்சேறிவிடும், மறுபடி ஊசிக்கு உதவாது; பிடுங்கிய இடத்தில் புது முள் முளைக்கவோ வெகுகாலம் ஆகும். ஆகவே அந்த ஊசியை அது அரிதாகவே எடுத்தது.

நோயாளிகளைத் தவிர வேறு யாரும் அதன் வளைக்கு வருவதில்லை. அவர்களும் முள்ளுக்குப் பயந்து தள்ளியே நிற்பார்கள், குணமானதும் போய்விடுவார்கள். மாலைவேளையில் மற்ற விலங்குகள் ஆற்றங்கரையில் கூடிப் பேசும். வளை வாசலில் அமர்ந்து முள்ளம்பன்றி கேட்டுக்கொண்டிருக்கும். பேச்சு அவ்வளவு தூரம் எட்டாது. சிரிப்பு மட்டும் எட்டும்.

ஒருநாள் காட்டுப்பன்றி வந்தது. பலாப்பழத்தை அளவில்லாமல் தின்றதில் அதன் வயிறு உப்பியிருந்தது.

"இந்தச் சாற்றைக் குடியுங்கள். நாளைக்குச் சரியாகிவிடும்," என்றது முள்ளம்பன்றி.

"ஊசி?"

"தேவையில்லை."

"தேவையில்லையா! சாறு இடித்துக் கொடுக்க என் மாமியார் போதாதா? இதற்கா இந்த மேட்டை மூச்சு வாங்க ஏறி வந்தேன்?"

சாற்றைத் தொடாமலே காட்டுப்பன்றி இறங்கிப் போனது. போகும் வழியெல்லாம், "அந்த அம்மாவுக்குக் கைராசி இல்லை!" என்று சொல்லிக்கொண்டே போனது. அதன் பிறகு யாரும் வரவில்லை. வளை வாசலில் புல் முளைத்தது. முள்ளம்பன்றி தினமும் சாறு இடித்தது. குடிக்க ஆளில்லாமல், தினமும் அதைக் கொட்டியது.

அடுத்த முறை காட்டுப்பன்றி வெறும் சளியோடு வந்தது. அது வாயைத் திறக்கும் முன்பே முள்ளம்பன்றி ஒரு முள்ளைப் பிடுங்கிக் குத்திவிட்டது.

"ஆ! சுருக்கென்று ஏறியதே! இதுதானம்மா வைத்தியம்!" என்று காட்டுப்பன்றி துள்ளிக் குதித்தது.

செய்தி பரவியது. வளைக்கு முன்னால் வரிசை நின்றது. காத்திருந்தவர்கள் ஊர்க்கதை பேசினார்கள். யார் வீட்டு மரம் சாய்ந்தது, யார் யாரோடு பேசுவதில்லை என்பதெல்லாம் முள்ளம்பன்றிக்கு இப்போது தெரிந்தது. இந்தப் பேச்சுக்காக எத்தனை முட்களையும் கொடுக்கலாம் என்று அதற்குத் தோன்றியது.

"எனக்கு இரண்டு ஊசி!" என்றது மந்தி.

"உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒன்றுமில்லை. பக்கத்து மரத்துக்காரிக்கு ஒன்று போட்டீர்களாமே! நான் என்ன அவளுக்குக் குறைந்தவளா?"

வரிசை சிரித்தது. முள்ளம்பன்றியும் சேர்ந்து சிரித்தது. இரண்டு முட்கள் போயின. குத்தி முடித்த முட்களை அது காலால் சரிவில் தள்ளிவிட்டது.

அன்று மாலை, கூட்டம் கலைந்த பிறகு, ஒரு சருகுமான் வந்து நின்றது. முயலைவிடச் சற்றே பெரிய, கூச்சமுள்ள பிராணி.

"உடம்புக்கு என்ன?"

"ஒன்றுமில்லை அக்கா. எல்லாரும் போன பிறகு நீங்கள் தனியாக இருப்பீர்களே என்று வந்தேன்."

நோயில்லாத ஒருவரிடம் என்ன பேசுவது என்று முள்ளம்பன்றிக்குத் தெரியவில்லை. "ஓர் ஊசி போடட்டுமா?" என்று கேட்டது.

சருகுமானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வேண்டாம் அக்கா. சற்று நேரம் உட்கார்ந்திருக்கிறேன், போதும்."

முட்கள் எட்டாத தொலைவில் அது படுத்துக்கொண்டது. அதன் பிறகு தினமும் வந்தது. சில மாலைகளில் இரண்டும் ஒரு சொல்கூடப் பேசவில்லை.

ஒருநாள் சருகுமான் மெல்லச் சொன்னது: "அக்கா, உங்கள் முதுகில் திட்டுத் திட்டாகத் தோல் தெரிகிறது. பருவமும் முன்போல் இல்லை. சித்திரையில் வெள்ளம் வருகிறது. ஐப்பசியில் புழுதி பறக்கிறது. பெரிய நோய் ஒன்று வந்துவிட்டால் என்ன செய்வீர்கள்?"

"முள் முளைத்துவிடும்."

"கீழே தள்ளிய முட்களையாவது புதைத்துவிடக் கூடாதா? ஏறி வரும்போது அடிக்கு அடி பார்த்துக் கால் வைக்க வேண்டியிருக்கிறது."

"புதைக்க எனக்கு நேரம் ஏது? நாளைக்கு வரிசை இன்னும் நீளும்!" என்றது முள்ளம்பன்றி, பெருமையாக.

அந்தக் கோடையின் நடுவில், யாரும் எதிர்பாராத பெருமழை பெய்தது. சரிவில் கிடந்த முட்களை வெள்ளம் அடித்துக்கொண்டு போய், ஆற்றங்கரைப் பாதையின் சேற்றில் புதைத்தது. தண்ணீர் குடிக்கப் போனவர்களின் கால்களில் அவை ஏறின. புண் சீழ் பிடித்தது. சிலருக்கு வாயும் பூட்டிக்கொண்டது.

இப்போது ஊசி உண்மையாகவே தேவைப்பட்டது. கடமானுக்கு ஒன்று போட்டது, கடமான் பிழைத்தது. கீரிக்கு ஒன்று; கீரியும் பிழைத்தது. ஆனால் அதே வரிசையில், நோயே இல்லாதவர்களும் இடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கும் முள்ளம்பன்றி மறுக்கவில்லை.

ஒரு நண்பகலில் அதன் முதுகில் ஒரே ஒரு முள் மிஞ்சியிருந்தது. அப்போது மந்தி வந்தது.

"காலையிலிருந்து ஒரே கொட்டாவி, வைத்தியரம்மா!"

"கொட்டாவிக்கு ஊசியா?"

"முடியாதென்றால் சொல்லிவிடுங்கள். போய்விடுகிறோம். இனி நாங்கள் ஒருவரும் இந்த மேடு ஏற மாட்டோம்!"

வரிசையில் பேச்சு நின்றது. எல்லாக் கண்களும் முள்ளம்பன்றியைப் பார்த்தன. அது கடைசி முள்ளைப் பிடுங்கியது.

அன்று மாலை சருகுமான் வரவில்லை. முள்ளம்பன்றி இருட்டும்வரை காத்திருந்தது. பிறகு, ஒரு தொன்னையில் சாறு எடுத்துக்கொண்டு, தானே சரிவில் இறங்கியது.

மூங்கில் புதரருகே, பாதையோரத்தில் சருகுமான் விழுந்து கிடந்தது. பின்னங்கால் வீங்கியிருந்தது. குளம்புகளுக்கு நடுவே, கறுப்பும் வெள்ளையுமாக ஒரு முள் நின்றது. அது யாருடைய முள் என்று முள்ளம்பன்றிக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"வாயைத் திற, தங்கச்சி. கொஞ்சமாகத் திறந்தால் போதும்."

சருகுமானின் வாய் பூட்டியிருந்தது. கண்கள் மட்டும் அசைந்தன. பல்லிடுக்கில் ஊற்றிய சாறு அப்படியே வழிந்து சேற்றில் இறங்கியது. முள்ளம்பன்றி தன் முதுகைத் தடவிப் பார்த்தது. மறுபடியும் தடவிப் பார்த்தது. தோல்தான் இருந்தது.

அது சருகுமானின் பக்கத்தில் படுத்துக்கொண்டது. குத்துவதற்கு முள் இல்லாததால், முதன்முறையாக இரண்டும் ஒன்றையொன்று ஒட்டிக் கிடந்தன. பொழுது விடிந்தபோது அந்தச் சின்ன உடல் குளிர்ந்திருந்தது.

வளையில் வைத்தியரைக் காணாமல், வரிசை அவரைத் தேடிக் கீழே வந்தது.

"இங்கேயா இருக்கிறீர்கள்? எவ்வளவு நேரம் நிற்பது? ஊசி போடுங்கள்!" என்றது காட்டுப்பன்றி.

"இந்தப் பாதை முழுதும் என் முட்கள் கிடக்கின்றன," என்றது முள்ளம்பன்றி. "அவற்றைப் பொறுக்கி ஆழக் குழி வெட்டிப் புதைக்கப் போகிறேன். சாறு வேண்டுமென்றால் தருகிறேன். முள் முளைத்த பிறகும், வாய் பூட்டியவர்களுக்கு மட்டும்தான் ஊசி."

"அப்படியானால் நாங்கள் போகிறோம்!"

"போங்கள்."

ஒவ்வொருவராகப் போனார்கள். மந்தி மட்டும் சருகுமானைப் பார்த்துக்கொண்டு சற்று நின்றது. பிறகு அதுவும் போய்விட்டது. ஆளில்லாத பாதையில் முள்ளம்பன்றி குனிந்து, சேற்றை விரலால் துழாவி, முதல் முள்ளை எடுத்தது.

தேவையில்லாதவருக்குக் கொடுக்கும் மருந்து, தேவைப்படுபவரின் உயிரிலிருந்து எடுத்துக் கொடுக்கப்படுகிறது.